சட்டைப் பையில் ஒரு ரோஜா

கத்தரிக்கோல் என் காதருகே நின்றுவிட்டது. சலூன்காரர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கிறார். எதிர்வீட்டு மதிலோரம் ஒரு ரோஜா புதிதாக மலர்ந்திருக்கிறது. “ஒரு நிமிஷம் சார், அசையாதீங்க” என்று சொல்லி, போர்த்திய துணியும் பாதி வெட்டிய தலையுமாக என்னை அம்போவென்று விட்டுவிட்டுச் சாலையைக் கடக்கிறார். பூவைப் பறிக்கமாட்டார். குனிந்து, சீப்பின் வாலால் ஓர் இதழை மெல்ல விலக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அந்த வீட்டுக்காரர்கள் திருடன் என்று பயந்தார்களாம். இப்போது, “பூ டாக்டர் வந்திருக்காரு” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

திரும்பி வந்ததும் எனக்குப் பாடம். “முடி மாதிரிதான் சார். ஒவ்வொரு தலைக்கும் ஒரு சுழி இருக்கும். அது எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்காம கத்திரி வெச்சோம்னா முடி நட்டுக்கிட்டு நிக்கும். ரோஜாவுக்கும் சுழி இருக்கு. அது தெரியாம இதழை ஒட்டினா முட்டைகோஸ்தான் வரும்.” பிறகு என் உச்சந்தலையைச் சற்று நேரம் ஆராய்ந்துவிட்டு, “உங்களுக்கு அந்தக் கவலை இல்ல. வெட்டுற நேரத்தைவிடத் தேடுற நேரம்தான் ஜாஸ்தி” என்றார். வாடிக்கையாளர்களை வாரிவிடுவதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். கீழே சலூன், மேலே வீடு. பவுடர் டப்பாக்களுக்கும் தண்ணீர் பீச்சும் பாட்டில்களுக்கும் நடுவே சுருக்கம் விழுந்த வண்ணத் தாள்கள் சுருள் சுருளாக நிற்கும். ஆள் வராத நேரத்தில் அவற்றை எடுத்துக்கொண்டு காகிதப் பூ செய்ய உட்கார்ந்துவிடுவார். தாளின் சுருக்கம் மேலும் கீழுமாக ஓடும்படி இதழை வெட்டவேண்டும். நடுவில் இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக இழுத்தால் இதழ் உள்ளங்கை மாதிரி குழிந்துகொள்ளும். விளிம்பைச் சீப்பின் வாலில் சுற்றி எடுத்தால் சுருண்டுகொள்ளும். மகரந்தத்துக்கு மஞ்சள் சாயத்தில் புரட்டிய ரவை. வெயில் பட்ட ஓரத்துக்கு, ஆறிப்போன டீயில் தோய்த்த பிரஷ். ஈரம் காய, தலைமுடி உலர்த்தும் மெஷின். எனக்கு ஒரு முறை அந்த பிரஷ்ஷால் பிடரியைத் தட்டிவிட்டு, “மன்னிச்சுக்கோங்க சார், கொஞ்சம் டீ ஒட்டிக்கிச்சு” என்று துடைத்தார்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளின் முன்னறையில் இருப்பது அவர் பூதான். எங்கள் வீட்டிலும் ஒரு கொத்து இருந்தது. ஊரிலிருந்து வந்த என் பெரியம்மா, “செடி கொடிய இப்படியா காயப்போடுவீங்க?” என்று ஒரு சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றினார். சாயம் இறங்கி மேஜைவிரிப்பு சிவந்துபோனது. என் மனைவிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சலூன்காரருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். “நிஜமாவே ஊத்துனாங்களா? சொம்புலயா?” என்று கேட்டவர், அப்புறம் கடைக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, “சார் வீட்ல நடந்ததக் கேளுங்க” என்று சொல்லவைத்தார்.

ஆனால் பெரியம்மா ஏமாந்தது எல்லாம் அவர் கணக்கில் சேராது. “மேலிடத்துல பாஸ் ஆகணும் சார்” என்பார். மேலிடம் என்பது மாடியில் இருக்கும் அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு நிஜப் பூதான் வேண்டும். வாரா வாரம் கடைத்தெருவிலிருந்து ஒரு கட்டு ரோஜா வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் ஜாடியில் வைப்பார். அதற்குள் யாருக்கும் தெரியாமல் தன் காகித ரோஜா ஒன்றைச் செருகிவிடுவது இவர் வழக்கம். கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டாம். அந்த அம்மா ஒன்றுமே சொல்லமாட்டார். போகிற போக்கில் ஜாடியிலிருந்து சரியாக அதை மட்டும் உருவி, இவர் சட்டைப் பையில் செருகிவிட்டு, அடுப்படிக்குப் போய்விடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இவர் ஜெயித்ததில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று நானே ஒரு நாள் அந்த அம்மாவிடம் கேட்டேன். “அதுல என்ன இருக்கு? பூன்னா கொஞ்சம் அசமந்தமாத்தான் நிக்கும். இவரு பூ போட்டோ புடிக்க நிக்கிற மாதிரி விறைப்பா நிக்குது” என்றார். சலூன்காரர் அன்று முழுவதும் பூக்காம்புக்கு வைக்கும் கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் நான் முடி வெட்டப் போனபோது, மேலே டீ குடித்துவிட்டு இறங்கி வந்தார். சட்டைப் பையில் ஒரு வெளிர்மஞ்சள் ரோஜா.

“என்ன அண்ணே, இன்னிக்கும் மாட்டிக்கிட்டீங்களா?”

“எங்க சார் விடுறா! இந்தத் தடவ நல்லா வந்திருக்குன்னு நெனச்சேன்” என்று துணியை உதறி என் கழுத்தில் கட்டினார். தோற்ற பூவை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் வெட்டி முடித்து மறுபக்கம் வந்தபோது, கண்ணாடியில் எனக்கு அந்தச் சட்டைப் பை தெரிந்தது. ரோஜாவுக்குள்ளிருந்து ஓர் எறும்பு வெளியே வந்து, பையின் விளிம்பில் சாவகாசமாக நடை பழகிக்கொண்டிருந்தது.

“அண்ணே, உங்க பூவுக்கு எறும்பே வந்துடுச்சு. இனிமே என்ன சர்டிபிகேட் வேணும்?”

சிரித்துக்கொண்டேதான் குனிந்து பார்த்தார். இதழை இரண்டு விரலால் நசுக்கினார். விரலைப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

“சார், இது என் பூ இல்ல.”

“பின்னே?”

“நிஜப் பூ சார்.”

“அப்படின்னா நீங்க ஜெயிச்சுட்டீங்க!” என்றேன் நான், என் புத்திசாலித்தனத்தை மெச்சியபடி. அவர் சிரிக்கவில்லை. “அவ தப்புப் பண்ணமாட்டாளே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கத்தரிக்கோலை வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். வெகுநேரம் காத்திருந்துவிட்டு, ஒரு பக்கம் ராணுவமும் மறுபக்கம் சாமியாருமாக நான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மாசக்கணக்காக மறைத்து வைத்திருக்கிறார். கைப்பழக்கத்திலேயே சமையலையும் வீட்டையும் ஓட்டியிருக்கிறார். பூ வாடையை வைத்து ஜாடியைச் சமாளித்தாராம், அன்று ஜலதோஷம். “‘பல்பு மங்கலா எரியுது, மாத்துங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா சார். நானும் மடையன் மாதிரி பல்பை மாத்திக்கிட்டே இருந்தேன்” என்றார் சலூன்காரர். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று அந்த அம்மாவுக்குப் பயம். டாக்டரோ, ஒரு கண்ணில் ரொம்ப முற்றிவிட்டது, பார்வை எவ்வளவு திரும்பும் என்று ஆபரேஷனுக்குப் பிறகுதான் சொல்லமுடியும் என்று கையை விரித்துவிட்டார்.

அன்றோடு சலூன்காரர் பூ செய்வதை நிறுத்திவிட்டார். தாள் சுருள்களின்மேல் வெட்டிய முடி படிந்தது. புதுவீட்டு முன்னறைக்குப் பெரிதாக அலங்காரம் வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டபோதுகூட, “இப்ப செய்யறதில்லீங்க” என்று அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

“யாரு சார் கண்டுபிடிக்கப் போறா?” என்றார். சீப்பைத் துடைத்துக்கொண்டே, “ஜெயிக்கணும்னுதான் நெனச்சேன். இப்படி இல்ல” என்றார். வாய் ஓயாத அந்த மனிதர் என்னைக் கிண்டல் செய்யாமல் முடி வெட்டிவிட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு மனசே சரியில்லை.

ஒரு கண் ஆபரேஷன் முடிந்து, சில வாரம் கழித்து அந்த முற்றிய கண்ணும் முடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு ஒரு காலை, கொஞ்சம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அந்த அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டையே ஒரு வாங்கு வாங்கிக்கொண்டிருந்தார். “மின்விசிறில எவ்வளவு தூசி! இந்தச் சுவத்துல என்ன கறை? என்னங்க, ஊருக்கெல்லாம் முடி வெட்டுறீங்க, உங்க கிருதா ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி இருக்கே!” சலூன்காரர் காதோரத்தைத் தடவிக்கொண்டு மேஜைப் பக்கமே பார்க்காமல் நின்றார். அவர் பார்க்காமல் இருந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

மேஜையில் ஜாடி நிறைய வெளிர்மஞ்சள் ரோஜாக்கள். நான் உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்று தலை சாய்ந்திருந்தது. ஒன்றுக்கு ஓரம் கருகியிருந்தது. ஒன்றில் பூச்சி கடித்த ஓட்டை. எல்லாமே அசமந்தமாகத்தான் நின்றன. எது அவருடையது என்று என் தலையை அடகு வைத்தாலும் சொல்லியிருக்க முடியாது.

அந்த அம்மா டீ கொண்டுவந்தார். ஜாடியைத் தாண்டித்தான் வந்தார், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு, பெரியம்மாவின் சௌக்கியத்தை விசாரித்தார். சலூன்காரர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. “ஆறிடப்போகுது, குடிங்க” என்றார் அந்த அம்மா. அவர் ஒரே மடக்கில் குடித்தார்.

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு திரும்பியவர், மேஜையைக் கடக்கும்போது நடையை நிறுத்தாமலே பூச்சி கடித்த ரோஜாவை உருவினார். நாலடி திரும்பி வந்து, அதைக் கணவரின் சட்டைப் பையில் செருகிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சலூன்காரர் பையிலிருந்த பூவின் ஓர் இதழைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினார். அழுத்திய விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு விரலையும், தொட்டுப் பாருங்கள் என்பதுபோல் என்னிடம் நீட்டினார். ஈரமே இல்லை.