சத்தமில்லாத லேப்டாப்

முனகல் டாக்டரை அவள் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்று வருடமாக, வாரத்துக்கு ஐந்து நாள், அவரைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது போனதில்லை. "வாயைத் திறந்து பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று ஹெட்போனைப் பார்த்துக் கேட்பாள்.

வேலை அப்படிப்பட்டது. மருத்துவமனை டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், கண்டறிந்ததையெல்லாம் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்து தருகிறவள் அவள். படுக்கையறை மூலையில், துணி காயும் ஸ்டாண்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜை, அதுதான் ஆபீஸ். பதினெட்டு வருடமாக அங்கே உட்கார்ந்து ஊராரின் ஈரலையும் முழங்காலையும் எழுதிக்கொண்டிருப்பதால் வீட்டுக்காரர் அவளை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். பிஸ்கட் மென்றுகொண்டே பேசும் டாக்டர், மூச்சே விடாமல் பேசும் டாக்டர், எல்லாரையும் சமாளித்தவள்.

இந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. காதில் சரியாக விழாததை ஊகித்து எழுதக்கூடாது. மாத்திரை அளவை ஊகித்து எழுதினால் ஆள் போய்விடுவானே! அதனால் அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'கேட்கவில்லை' என்று போட வேண்டும். அறிக்கை டாக்டரிடம் திரும்பிப் போகும். அவர் சரிபார்த்து நிரப்புவார். வருடத்துக்குப் பத்து 'கேட்கவில்லை' போட்டாலே அதிகம் என்று ஒரு காலத்தில் மார்தட்டிக்கொண்டவள் அவள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு காலையில் மேற்பார்வையாளரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு வருஷமாவே கூடிக்கிட்டுத்தான் வருது, போன மாசம் மட்டும் நானூத்துச் சொச்சம் 'கேட்கவில்லை' போட்டிருக்கீங்க. முக்கால்வாசி அந்த ஒரு டாக்டரோடதுதான். அவர் ஃபைல வேற ஆளுக்கு மாத்தலாமான்னு மேல கேக்கறாங்க. எதுக்கும் காத ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்களேன்."

அவளுக்கு வருகிற வேலையில் பாதி முனகல் டாக்டருடையது. அதுகூடப் பெரிதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் காது போனால் இந்தத் தொழிலில் மிச்சம் என்ன இருக்கிறது? அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. ஹெட்போனில் ஒலியைக் கடைசிவரை ஏற்றி வைத்துக்கொண்டு, காதை அழுத்திப் பிடித்தபடி வேலை செய்தாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறைக் கதவில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிற மனிதர். ஒரு நாள் ஜலதோஷம் என்று லீவு போட்டுவிட்டு, அவள் வேலை செய்யும் நேரத்தில் கட்டிலில் படுத்திருந்தார். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"என்னம்மா இது, இப்படிக் கத்துது?"

"எது?"

"உன் லேப்டாப்தான். உள்ள ஃபேன் போடற சத்தம் காதுல விழலையா உனக்கு?"

"அது எப்பவும் அப்படித்தாங்க."

"எப்பவுமா! இந்தச் சத்தத்தோட ஒரு லிஃப்ட் ஓடினா நாங்க பூட்டுப் போட்டுட்டு வந்துடுவோம்."

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கவனித்தாள். ஆமாம், கத்தத்தான் செய்தது. தினமும் கேட்டுக் கேட்டு அது சத்தம் என்பதே மறந்துபோயிருந்தது. அப்படியானால் காது நன்றாகத்தான் இருக்கிறதோ? நம்ப ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

கொழுந்தன் வந்து லேப்டாப்பைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இரண்டு முறை ஏற்கெனவே சுத்தம் செய்தாயிற்று; இனி புதிது வாங்குவதுதான் வழி என்றான். கம்ப்யூட்டர் பேச்சு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"அண்ணி, ஃபேனே இல்லாத லேப்டாப் இருக்கு. ஆனா விண்டோஸ் கிடையாது, மேக். உங்க வேலை பிரவுசர்லதான ஓடுது, பிரச்சினையே இல்ல."

"என் சுருக்கமெல்லாம்?" என்றாள் அவள் உடனே.

பதினெட்டு வருடமாகச் சேர்த்த சொத்து அது. நாலாயிரம் சுருக்கங்கள். இரண்டு எழுத்தைத் தட்டினால் 'நோயாளிக்கு மூச்சுத்திணறல் இல்லை' என்று முழு வாக்கியம் வந்து விழும்; மூன்று எழுத்தில் ஒரு பத்தியே வரும். அதற்கான மென்பொருள் பழைய விண்டோஸ் லேப்டாப்பில் குடியிருந்தது. அதை விட்டுவிட்டு எங்கே போவது?

"முதல்ல பார்க்கலாம் வாங்க," என்று இழுத்துக்கொண்டு போனான்.

கடையில் ஒரு விற்பனைப் பெண்மணி திரையின் நிறத்தையும் கேமராவின் அருமையையும் எடுத்துச் சொன்னார். இவள் எதையும் காதில் வாங்கவில்லை. கொழுந்தன் ஒவ்வொரு லேப்டாப்பிலும் பத்துப் பதினைந்து வீடியோக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுச் சூடேற்ற, இவள் குனிந்து விசைப்பலகைமேல் காதை வைத்தாள். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. பளபளவென்றிருந்த இரண்டு விண்டோஸ் லேப்டாப்கள் பத்தே நிமிடத்தில் உஸ்ஸென்று ஆரம்பித்தன. "ஊஹூம்," என்று நகர்ந்தாள். மேக்கில் காதை வைத்தவள், "இத ஆன் பண்ணியிருக்கா?" என்று கேட்டாள்.

பிறகு விசைகள் கைக்கு எப்படி இருக்கின்றன என்று பார்க்க உட்கார்ந்தாள். முழு வேகத்தில் ஒரு நெஞ்சுவலி அறிக்கையை அடித்துத் தள்ளினாள். திரையில் விழுந்தது என்னவோ தலையும் இல்லை, வாலும் இல்லை. இரண்டு எழுத்தும் மூன்று எழுத்துமாகக் குப்பை. அடித்ததெல்லாம் சுருக்கம், அதை விரித்துத் தருகிற மென்பொருளோ வீட்டில்!

விற்பனைப் பெண்மணி அவள் தோளைத் தொட்டார்.

"கவலைப்படாதீங்க மேடம். புதுசா டைப் கத்துக்கறவங்களுக்கு இங்கயே சனிக்கிழமை காலையில கிளாஸ் இருக்கு."

கொழுந்தன் சிரிப்பை அடக்க முடியாமல் பிரின்டர்கள் பக்கம் ஓடிப்போனான். ரோஷம் வந்து அவள் ஒரு வாக்கியத்தை முழுதாக அடிக்கப் பார்த்தாள். விரல் தயங்கியது. முதல் இரண்டு எழுத்தோடு நின்றுவிடப் பழகிய கை அது. அந்த நிமிடம் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

திரும்பி வந்த கொழுந்தனிடம், "வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லு. சுருக்கம் இதுல வருமா, வராதா?" என்றாள்.

"பட்டியல் வந்துடும் அண்ணி, அதே மாதிரி வேலை செய்யற வேற மென்பொருள் இதுக்கும் இருக்கு. உங்க கை பழகத்தான் ரெண்டு வாரம் ஆகும்."

கை பழகும். பழகாமல் எங்கே போய்விடும்? காதுதான் இப்போது தெரிந்தாக வேண்டும். "இதையே கட்டச் சொல்லு," என்றாள்.

முதல் இரண்டு நாள் கண்ணில் தண்ணீர் வராத குறை. பழைய பழக்கத்தில், நகலெடுக்க மூலை விசைக்கே போய்க்கொண்டிருந்தது சுண்டுவிரல். மேக்கில் அது கட்டைவிரல் வேலை. நாலாயிரத்தில் முந்நூறு சுருக்கம் வழியில் எங்கோ தொலைந்துபோயிருந்தது. உட்கார்ந்து மறுபடி ஏற்றினாள். மூன்றாம் நாள் காலை, முனகல் டாக்டரின் ஒலிப்பதிவைத் திறந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முனகினார். ஆனால் கேட்டது. மாத்திரை பெயர், அளவு, பின்னால் யாரோ நாற்காலியை இழுப்பது, எல்லாமே கேட்டது! அவள் ஒரு தடவைகூட நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனாள். கடைசி வரி வந்தது. அவர் எப்போதும் வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுகிற வரி. மாத்திரை அளவாக இருந்துவிடப் போகிறதே என்று அவள் ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் 'கேட்கவில்லை' போட்ட வரி.

"டைப் பண்றவங்களுக்கு ரொம்ப நன்றிம்மா. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு அடுத்தத எடுங்க."

அவள் திரும்பப் போட்டுக் கேட்டாள். அடுத்த பதிவைத் திறந்து நேராகக் கடைசிக்குப் போனாள். அதே வரி. போன வாரத்துப் பதிவுகளிலும் அதே வரி. மூன்று வருடமாக ஒரு மனிதர் நன்றி சொல்லச் சொல்ல, அவள் அவருக்குக் 'கேட்கவில்லை' என்று பதில் அனுப்பியிருக்கிறாள். அவரும் சளைக்காமல் அதை அழித்துவிட்டு, மறுநாளும் சொல்லியிருக்கிறார். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது என்ற சந்தோஷம் அதற்குப் பின்னால்தான் மெதுவாக வந்து சேர்ந்தது.

அறிக்கையின் அடியில், வழக்கமான அடைப்புக்குறிக்குள், சுருக்கம் இல்லாமல் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்: (கேட்டது, டாக்டர்.)

அனுப்பிவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு வந்து அடுத்ததை எடுத்தாள்.