எட்டாவது குரல் செய்தி

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. காலை 5.30-க்கு எழுந்தேன். அடிபம்பில் நான்கு குடம் தண்ணீர் பிடித்தேன். 6.15-க்குப் பால் காய்ச்சினேன். 6.40-க்குத் தள்ளுவண்டியில் அரை கிலோ அவரைக்காய், இரண்டு முருங்கைக்காய். 7.30-க்குச் சாப்பிட்டுவிட்டு, 8 மணிக்கு மேசை முன் உட்கார்ந்தேன். சீனாவில் அப்போது பத்தரை. அங்கே கோபம் நன்றாகச் சூடேறியிருக்கும் நேரம்.

தி.நகரில் லிஃப்ட் பொருத்தும் சிறிய நிறுவனம் ஒன்றுக்காக, மயிலாப்பூரில் என் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்க்கிறேன். லிஃப்ட்டின் மின்பெட்டிகள் சீனாவிலிருந்து வருகின்றன. அவற்றைச் செய்யும் தொழிற்சாலையின் பொறியாளர் எதையும் எழுத மாட்டார். போனில் பேசி அனுப்புவார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. குவாங்சோவில் ஒன்பது ஆண்டுகள் பொம்மைத் தொழிற்சாலையில் சரக்கைச் சோதிக்கும் வேலை செய்தவள் என்பதால், அவர் திட்டுவதில் ஒன்றுகூட எனக்குத் தவறாது. நம் ஊரில் மண்டையில் களிமண் என்போம். அவர் “மூளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதா?” என்பார்.

வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லியிருந்தார். “மேடம், அந்தாளு கோவத்தையெல்லாம் வடிகட்டிடுங்க. நல்ல இங்கிலீஷ்ல மேட்டர் மட்டும் குடுங்க. நம்ம மெக்கானிக்குங்க ரோஷக்காரங்க, டூல்ஸக் கீழ போட்டுட்டுப் போயிடுவாங்க.”

வடிகட்டுவதில் நான் தேர்ந்துவிட்டேன். “கண் அவிந்துவிட்டதா?” என்பது என் ஆங்கிலத்தில் “மறுமுறை பார்த்தால் நன்றாக இருக்கும்” ஆகும். படிப்பவருக்கு எங்கோ ஒரு அமைதியான கனவான் எழுதியதுபோல் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று காலை ஒன்பது செய்திகள் வந்திருந்தன. எட்டாவது பத்தொன்பது விநாடி. முழுக்கக் கத்தல். அடையாறில் புதிதாகப் பொருத்திய லிஃப்ட் ஒன்றை ஓட்டிக்காட்டி, நம் மெக்கானிக் முந்தின நாள் எடுத்தனுப்பிய வீடியோவை அவர் பார்த்திருந்தார். “அந்த மஞ்சள் ஒயர்! மூன்று முறை சொல்லிவிட்டேன்! மூளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதா? உயிர் வேண்டாமா உங்களுக்கு? சாவைத் தேடி அலைகிறீர்களா? ஓட்டுங்கள், நன்றாக ஓட்டுங்கள்!”

நான் அனுப்பிய ஆங்கிலத்தின் பொருள் இது: “வீடியோவில் தெரியும் மஞ்சள் ஒயர் குறித்துப் பொறியாளருக்குச் சில ஐயங்கள் உள்ளன. வசதிப்படும்போது சரிபார்க்கவும்.” 9.05-க்கு அனுப்பினேன். 9.20-க்கு முதலாளி நன்றி சொல்லிவிட்டு மெக்கானிக்குக்கு அனுப்பிவிட்டார்.

மாலை 4.30-க்கு நோட்டு எழுதுவது என் வழக்கம். இடப்பக்கம் அவர் பேசியது, சொல் விடாமல் தமிழில். வலப்பக்கம் நான் அனுப்பியது. எட்டாவதை இரண்டு பக்கமும் எழுதி முடித்து ஒப்பிட்டபோது பேனா நின்றது. “வசதிப்படும்போது” என்பதற்கு இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆங்கிலம் இயல்பாக ஒலிக்கட்டும் என்று நானே சேர்த்தது அது.

எனக்கும் வந்திருந்த அந்த வீடியோவை அப்போதுதான் திறந்து பார்த்தேன். மின்பெட்டிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் ஒயர். அது என்ன என்று பொறியாளரிடம் கேட்டேன். இம்முறை அவர் கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. “அது இருந்தால் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் நகரும். கதவு திறந்திருக்கிறது, நகராது என்று நம்பி யாராவது உள்ளே கால் வைப்பார்கள்.”

முதலாளியை அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை. அலுவலகத்துக்குப் போன் செய்து மெக்கானிக்கின் எண்ணை வாங்கினேன். எழுதிக்கொண்டபோது கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டுவிட்டு, அடித்துத் திருத்தினேன். வழக்கமாக என் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. 5.08-க்கு அவர் எடுத்தார்.

“லிஃப்ட்டா மேடம்? சூப்பரா ஓடிக்கினு கீது. மூணாவது மாடி வீட்டுக்காரரு பீரோ ஏத்திக்கினு கீறாரு.”

“பெட்டிக்குள்ள மஞ்சள் ஒயர் இருக்கா?”

“அத்தயா? டெஸ்டிங்குக்குப் போட்டது. வசதிப்படும்போது பாக்கச் சொல்லிக் கீதே, நாளைக்கிக் காலீல எடுத்துட்றேன்.”

நான் சேர்த்த சொல்லே அவர் வாயில் திரும்பி வந்தது. “இப்பவே எடுங்க. லிஃப்ட்ட நிறுத்துங்க.”

“இன்னா மேடம், நீங்க லெட்டர் எழுதறவங்க. ஒயரப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்? டீ சாப்ட்டு...”

அப்போது கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “மூளைல தண்ணி பூந்துடுச்சா உனக்கு? உயிர் வேண்டாமா? சாவத் தேடிக்கிட்டா அலையறே? அந்த ஒயர் இருந்தா கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் இறங்கும்!”

வேறு யாரோ பேசுவதுபோல் மெக்கானிக்கின் குரல் மாறியது. “மேடம், ஸ்பேனர் உள்ள வுழுந்துட்ச்சி. எம் மச்சான் கீழ் கதவத் தொறந்துட்டு லிஃப்ட் குழிக்குள்ள எறங்கிக் கீறான்.”

ஓடும் காலடி. “கரண்ட்ட அமத்து! மச்சி, வெளீல வா! மேல வா!” தொடர்பு அறுந்தது. மணி 5.11.

மீண்டும் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டேன். பேனாவை மூடினேன். மறுபடி திறந்து மூடினேன். பார்த்தேயிராத ஒருவனின் முதுகும், அதன்மேல் பீரோவைச் சுமந்து இறங்கும் லிஃப்ட்டும் கண்ணை விட்டு அகலவில்லை. பொறியாளரிடமிருந்து ஒரு குரல் செய்தி: “எடுத்துவிட்டார்களா?” மெக்கானிக்கின் எண்ணையே மறுபடி அழுத்தினேன்.

5.34-க்குப் படம் ஒன்று வந்தது. கிரீஸ் படிந்த உள்ளங்கையில் மஞ்சள் ஒயர். கீழே குரல் செய்தி: “வந்துட்டான் மேடம். அவன் ஏறி வந்து ஸ்பேனரத் தொடச்சிக்கினு நிக்கறான்.” அடுத்து, “காலீலயே இப்டித் திட்டிருக்கலாம் இல்ல?”

வெள்ளிக்கிழமை 5.30-க்கு எழுந்தேன். தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. முதல் வேலையாக எட்டாவது செய்தியை மறுபடி ஆங்கிலத்தில் எழுதினேன். தண்ணீர் புகுந்த மூளை, தேடி அலையும் சாவு எல்லாம் இருந்தன. ஐயங்கள், வசதி இரண்டும் இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, 5.52-க்கு முதலாளிக்கு அனுப்பினேன்.