பதினைந்து என்ற பெயரில் பத்தொன்பது

புதிய மென்பொருள் லைப்ரரிக்குப் பழைய பெயரையே வைத்துவிட்டால் என்ன? இந்த யோசனை வந்தபோது, மண்டபம் கடற்கரையில் உள்ள எங்கள் கடல் ஆய்வகத்தில் என் போன் மறுபடியும் அடித்தது. அக்காள்மடம் அந்தோணி அண்ணன். நாட்டுப் படகுக்காரர்களின் வாட்ஸப் குழுவை நடத்துபவர். நாங்கள் அனுப்பும் அலை உயரத்தைப் பார்த்துத்தான் பலர் கடலுக்குப் போவார்கள்.

"தம்பி, கடல் எப்படி? சட்டுன்னு சொல்லுப்பா, ஐஸ் ஏத்தணும்."

"பத்து நிமிசம்ணே."

காலையில் வரைபட மென்பொருள் ஒன்றை ஆசையாக இன்ஸ்டால் செய்திருந்தேன். அது காற்றுத் தரவைப் படிக்கும் லைப்ரரியையும் சேர்த்து அப்கிரேட் செய்துவிட்டது. அலை உயரத்தைக் கணிக்கும் எங்கள் மாடல் கேட்டது அதன் பழைய பதிப்பை, libnetcdf.so.15. இப்போது இருந்தது 19. மாடல் கிளம்பவே இல்லை.

பழைய பெயரைக் கேட்டால் புதிய கோப்பைக் காட்டும் சிம்லிங்க் ஒன்றைப் போட்டேன். பெயர் பதினைந்து, உள்ளே பத்தொன்பது. ஓடிவிட்டது! ஆனால் அலை உயரம் எங்கு பார்த்தாலும் பூஜ்யத்தை ஒட்டி. ஜன்னலுக்கு வெளியே வாடைக்காற்றில் கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

மாடலை முதலில் கம்பைல் செய்த ஜெசிந்தா அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னடா, கடல் குளமாயிருச்சா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அடப்பாவி, வேற படகுல நம்ம படகு நம்பர எழுதி விட்டிருக்க."

"ஓடுதேக்கா."

"ஓடும். எங்கன போகும்?"

உள்ளமைப்பு மாறியதால்தான் லைப்ரரியின் எண்ணே மாறுகிறது. மாடல் பழைய இடத்தில் காற்றைத் தேடி, வெறுமையை எடுத்து வந்திருக்கிறது; காற்றே இல்லையென்றால் அலை எங்கிருந்து வரும்? லிங்கை அழித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்குக் கணிப்பு இல்லண்ணே."

"ஏன், கம்ப்யூட்டருக்கும் லீவா?"

"தப்பா வருதுண்ணே. அனுப்ப பயமா இருக்கு."

"வாடை ஏறுறது எனக்குத் தெரியுதுப்பா. சின்னப் பயலுக போவோம்னு நிக்கிறானுக. உன் மெசேஜக் காட்டி நிறுத்தலாம்னு பாத்தேன்."

ஒரு படகு மட்டும் போய், பாதியிலேயே திரும்பியதாக அண்ணன் அப்புறம் சொன்னார். அதுவரை நான் நாற்காலியில் உட்காரவில்லை.

நாளை பழைய பதினைந்தைத் தனி ஃபோல்டரில் பில்ட் செய்து, மாடலை ஓட்டும் ஸ்கிரிப்டில் மட்டும் அந்தப் பாதையைக் கொடுக்கப் போகிறேன். வரைபட மென்பொருள் பத்தொன்பதோடு இருந்துகொள்ளட்டும். பிறகு போன வாரக் காற்றைக் கொடுத்து ஓட்டி, கடலில் மிதக்கும் எங்கள் கருவி அன்று அளந்த அலையோடு ஒப்பிடுவேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் குழுவில் அலை உயரத்தைப் போடுவேன்.