தோளில் இருந்த கை

விளம்பரப் பிரிவில் அவனை எல்லோரும் 'ரப்பர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பொருத்தமான பெயர்தான். சினிமா நட்சத்திரங்களின் புகைப்படங்களில் இருக்கக் கூடாததையெல்லாம் பிளேடால் சுரண்டி, மெல்லிய தூரிகையால் சாயம் பூசி அழிப்பதே அவன் வேலை. தொப்பை, பரு, சிகரெட், பழைய மனைவி எதுவானாலும் அவன் மேஜைக்கு வந்தால் ஆயுசு முடிந்தது. அவனுடைய மோதிர விரல் கோணலாக இருக்கும். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டிய விரல்.

அவன் அதிகம் அழித்தது தன்னைத்தான். பெண்கள் தலையணைக்கடியில் படம் வைத்துக்கொண்டு தூங்கிய நாயகனும் இவனும் காதலர்கள். வெளியே தெரிந்தால் நாயகனின் படம் ஓடாது, இவனுக்கு வேலை இருக்காது, இருவரும் எங்கும் தலைகாட்ட முடியாது. அதனால் நாயகன் வீட்டில் எடுக்கும் படங்களில் ஓரமாகத் தெரியும் இவன் முழங்கை, சோபாவில் கிடக்கும் இவன் சட்டை எல்லாவற்றையும் இவனே அழிப்பான். சம்பளம் வாங்கிக்கொண்டு தன்னைத் தானே காணாமல் போக்கும் மனுஷனை வேறெங்கே பார்ப்பது?

ஒருமுறை ஆற்றங்கரையில் எடுத்த படம் வந்தது. நாயகன் வாய்விட்டுச் சிரிக்கிறான். பக்கத்தில் இவன், அவன் முதுகைச் சுற்றிக் கை போட்டபடி. பத்திரிகை அட்டைக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டும் என்றார் மேனேஜர். இவன் தன் தலையை அழித்தான், உடம்பை அழித்தான், அந்த இடத்தில் ஆற்றைத் தீட்டினான். நாயகனின் மறுபக்கத் தோளில் இருந்த தன் கையை மட்டும் விட்டுவிட்டான். மறதி என்று பிறகு சொன்னான். அதை யார் நம்புவது? ஒரு கையாவது அங்கே இருக்கட்டும் என்று மனசு ஆசைப்பட்டுவிட்டது, பாவம்.

மேனேஜர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னய்யா இது? தோள்ல ஒரு கை தனியா உக்காந்திருக்கு?"

"கவனிக்கல சார். இப்பவே அழிச்சிடறேன்."

"வேணாம்." குரலைத் தாழ்த்தினார். "யார் கைன்னு நான் கேக்கல. கேட்டா உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். ஏற்கெனவே வெளிய ஒரு மாதிரியா பேசிக்கிறாங்க. கதாநாயகி படத்தை வெட்டிப் பக்கத்துல ஒட்டு. அந்தக் கை அவளோடதா தெரியட்டும், நகத்துக்கு சாயம் பூசு. விரல்ல ஒரு மோதிரம் போடு. கல்யாணம் நிச்சயமாயிடுச்சுன்னு செய்தி குடுத்துடலாம்."

மேனேஜர் போனதும் அவன் கதவைச் சாத்தினான். போனில் நாயகனைப் பிடித்தான்.

"போட்டுடுடா. எனக்கும் வேற வழி தெரியல," என்றான் நாயகன். "இந்தப் படம் ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"போன படத்துக்கும் இதையேதான் சொன்னே."

மறுமுனையில் யாரோ அறைக்குள் வந்திருக்க வேண்டும். "சரிங்க சார், வெச்சிடறேன்," என்று நாயகன் போனை வைத்துவிட்டான்.

அவன் பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு படத்தில் இருந்த தன் நகங்களைக் கூராக்கினான். மணிக்கட்டை மெலிய வைத்தான். தன் விரலில் தானே மோதிரம் வரைந்தான். நல்ல மோதிரம், கல்லெல்லாம் மின்னியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றதில், அந்த விரலின் கோணலை நிமிர்த்த மறந்துபோனான். இது நிஜமான மறதி.

அந்த அட்டையால் பத்திரிகை சூடாக விற்றது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, கல்யாணமும் நிஜமாகவே நடந்தது. கல்யாணப் படங்கள் இவன் மேஜைக்குத்தான் வந்தன. மாப்பிள்ளையின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அழித்துக் கொடுத்தான்.

இவன் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அவள் அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, இவன் கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். மாட்டிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இங்க வாயேன்! இந்தப் பொண்ணு விரலும் உன்னோடது மாதிரியே கோணலா இருக்குடா!"

"படம்தானே அக்கா, ஏதாவது கோளாறா இருக்கும்."

அவள் கேட்டால்தானே. இவன் கையைப் பிடித்து இழுத்து, விரலை அந்த விரல்மேல் வைத்து அழுத்தினாள்.

"அச்சு அசல்! உனக்கும் இப்படி ஒருத்தி அமைஞ்சிட்டா எனக்கு நிம்மதிடா."

விழுந்து விழுந்து சிரித்தாள். இவனும் சிரித்தான், வேறென்ன செய்ய முடியும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தத் தோள் இருந்தது. அக்கா கையை விட்டபாடில்லை.