முதல் வரியில் காஜா நவாஸ்

என் வீட்டுக்காரர் காஜா நவாஸ் பத்தாம் வகுப்பு. அதிலும் கணக்கில் முப்பத்தாறு மார்க். இந்த மார்க்கை வைத்துக்கொண்டு சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தார் என்றால் யார் நம்புவார்கள்? முதல் ஐந்து வருஷம் நானே நம்பவில்லை. போனது என்னவோ ஆபீசில் டீ கொடுக்கிற வேலைக்குத்தான். டீயைக் கொடுத்துவிட்டுக் கிளாஸை எடுக்கிற சாக்கில் நின்று நின்று பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டார். கமுக்கமான ஆள். வாயிருந்தால் கலெக்டராகியிருப்பார்.

அவர் வேலை என்னவென்று எனக்கு இப்போது தலைகீழாகத் தெரியும். போனில் பதினெட்டு வருஷம் கேட்ட கதை அல்லவா? கம்பெனியில் ஒரு ஆள் சேர்ந்தால் அவர் பெயரில் மெயில் திறக்க வேண்டும், கேட் அட்டை வேலை செய்ய வேண்டும். ஆள் போனால் எல்லாவற்றையும் மூட வேண்டும். சர்வரில் இதற்கு ஆளுக்கு ஒரு வரி ஆங்கிலத்தில் கட்டளை அடிக்க வேண்டுமாம். ஐநூறு பேர் சேர்ந்தால் ஐநூறு வரி. ஒரு புள்ளி தப்பினாலும் சர்வர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மற்றவர்கள் மூன்று நாள் உட்கார்ந்து அடிப்பார்கள்.

இவர் எக்செல்லைத் திறப்பார். ஒரு கட்டத்தில் பெயர், அடுத்ததில் ஆள் நம்பர், அதற்கடுத்து அட்டை நம்பர். நான்காவது கட்டத்தில், மூன்றையும் கோத்து ஒரு கட்டளையாக்குகிற ஃபார்முலா. அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் ஐநூறு பேருக்கும் ஐநூறு கட்டளை தயார். மொத்தமாக எடுத்து ஒட்டினால், சர்வர் வரிசையாகச் செய்து முடித்து, யார் யாருக்குச் செய்தேன் என்று பதில் பட்டியலும் கொடுத்துவிடும். அரை மணி நேர வேலை. "நானா செய்யிறேன்? இழுத்து விட்டுட்டு டீ குடிக்கிறேன்" என்பார்.

ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வரியை மட்டும் போட்டுச் சோதிக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒருமுறை சாயல்குடி பிரபாகரன் பெயரில் சோதித்துவிட்டார். பிரபாகரன் இவரோடு ஒரே நாளில் சேர்ந்த டிரைவர்; ஆள் நம்பர்கூட இவருக்கு அடுத்த நம்பர். அன்றைக்கு அவருடைய அட்டை செத்து, கேட் திறக்காமல், இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று வாந்தி எடுத்திருக்கிறார். இவர் அன்று சாப்பிடவே இல்லை. அதிலிருந்து சோதனை என்றால் தன் பெயரில்தான். எந்த எக்செல் தாளிலும் முதல் வரியில் தன் பெயரைப் போடுவார், சோதிப்பார், தன் மெயிலையும் அட்டையையும் பழையபடி ஆக்கிக்கொண்டு, பிறகு அந்த வரியை அழித்துவிட்டு மற்றவர்களுக்கு ஓட்டுவார்.

"ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா மச்சான்?" என்று கேட்டேன்.

"அடுத்தவன வெயில்ல நிப்பாட்டுன பாவம் எனக்கு வேணாம் ஜுனைதா" என்றார்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் வருவார். பெட்டி பிரிக்க ஒரு வாரம், கட்ட ஒரு வாரம். எங்கள் ஒரே மகள் யும்னா பல் முளைத்தது, பெரியவளானது, பிளஸ் டூ பாஸானது எல்லாமே அவருக்குப் போனில்தான். பக்கத்து வீட்டு ஆம்பளை சாயந்தரம் செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தச் சத்தத்துக்காக ஏங்கியிருக்கிறேன்.

யும்னாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மலேசியாவில் வேலை, பையனுக்கு லீவு குறைச்சல், அதனால் நிக்காஹ் தேதி உடனே குறிக்கப்பட்டது. போனிலேயே இவர் மகளுக்கு வாக்குக் கொடுத்தார்: "பதிவேட்டுல அத்தா கையெழுத்து அத்தாதான் போடுவேன். இன்ஷா அல்லாஹ்."

கம்பெனியோ வேறொரு கம்பெனியோடு சேரப் போவதாகச் சொல்லி எல்லோருடைய லீவையும் நிறுத்திவிட்டது. எனக்கு வந்ததே கோபம். நிக்காஹுக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில், வேலை நேரம் என்றுகூடப் பார்க்காமல் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"பெத்த மகளோட நிக்காஹுக்கு வர ஏலாத பொழப்பு ஒரு பொழப்பா? தூக்கிப் போட்டுட்டு வாங்க!"

"பாஸ்போர்ட்டு அவங்க கையில இருக்கு. நடந்தா வர முடியும்?"

"நீந்தி வாங்க! கடக்கரையில பொறந்தவருதான?"

அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது நிமிஷம் விடவில்லை.

சாயந்தரம் அவரே கூப்பிட்டார். "இன்னிக்கு ஒரு லிஸ்ட்டு வந்துச்சு ஜுனைதா. எரநூத்திப் பதினோரு பேர விசா கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புறாங்க. எல்லார் மெயிலையும் அட்டையையும் நான்தான் மூடினேன். பிரபாகரனும் போறான். சர்வரு குடுத்த பதில் லிஸ்ட்ட அப்படியே டிக்கெட் போடுறவங்களுக்கு அனுப்பியாச்சு. ஒவ்வொரு பேரா பாக்குறப்ப பொறாமையா இருந்துச்சு."

"வேலை போறவனப் பாத்துப் பொறாமைப்படுற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றேன். ஆனால் எனக்கும் அதே பொறாமைதான். யார் யாருடைய பெண்டாட்டிகளோ நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.

நிக்காஹ் நடந்தது. இவர் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தார். கையெழுத்துக்காகப் பதிவேட்டை யும்னாவிடம் கொண்டுவந்தபோது, அத்தா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் கொழுந்தனார் அப்துல் அஜீஸ் பெயர் இருந்தது. யும்னா பேனாவைப் பிடித்தபடி அதையே பார்த்தாள்.

"இதுதான அத்தா எடம்?"

"ஆமா. போடு புள்ள, எல்லாரும் காத்துக் கெடக்காங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

மதியம் பந்தி முடிகிற நேரத்தில் பிரபாகரன் வந்தார். இவர் யும்னாவுக்குக் கொடுத்துவிட்ட சேலையும் அத்தரும் அவர் கையில் இருந்தன. பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அண்ணன எங்கக்கா காணோம்? உள்ள இருக்காகளா?"

"அவரு எங்க வந்தாரு? அங்கனதான் கெடக்காரு."

பிரபாகரன் முழித்தார். "இல்லையேக்கா. அண்ணே பேரும் லிஸ்ட்டுல இருந்துச்சே. சேலைய வாங்கிக்கிட்டுக் கெளம்புன பொறவு, ஏர்போர்ட்டுல பாஸ்போர்ட்டு வாங்குறப்ப ஒரு தாள்ல கையெழுத்து வாங்குனாங்க. எனக்கு மேல மொதப் பேரே அண்ணே பேருதான். கையெழுத்து இல்லாமக் காலியாக் கெடந்துச்சு. ஏன்னு கேட்டேன், அவரு பேரு இன்னும் டிக்கெட் லிஸ்ட்டுல வரலன்னாங்க. பின்னாடி வேற விமானத்துல வருவாகன்னு நெனச்சேன்."

யா அல்லாஹ்! பந்தலிலேயே நின்று அவருக்குப் போன் போட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம் மவுஸ் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு லிஸ்ட்டு வந்த மெயிலத் தொறந்துட்டேன்" என்றார். "எரநூத்திப் பன்னெண்டு பேரு. மொத வரியில என் பேரு. அவங்க போட்டது."

"பின்ன எப்படி மச்சான்?"

"தாளத் தொறந்தப்ப உன் போன் வந்துச்சு. பேசி முடிச்சுட்டு வந்து பாத்தா மொத வரியில நான். பேசிக்கிட்டே நான்தான் சோதனைக்குப் போட்டேன்னு நெனச்சேன். சோதிச்சேன். கைப்பழக்கம்… அழிச்சிட்டேன் ஜுனைதா. என்னைய நானே அழிச்சிட்டேன்."

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்ப வந்த தாள் அவர் முன்னால் திறந்து கிடந்த நேரத்தில், வீட்டுக்கு வரச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது நான்தானே! அந்த இருபது நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்றைக்கும் சோற்றில் கை வைத்தால் அந்த நினைப்பு வருகிறது.

மறுநாளே அவர் போய்க் கேட்டார். பட்டியல் தயாரித்த ஆளும் அதே பட்டியலில் ஊருக்குப் போய்விட்டாராம். எல்லாம் மறுபடி நடந்து இவர் வந்திறங்க இரண்டு வாரம் ஆனது. யும்னா மாப்பிள்ளையோடு மலேசியாவுக்கு விமானம் ஏறி அப்போது நான்கு நாள்.

வந்த அன்றைக்குச் சாயந்தரம் செருப்பைக் கழற்றிப் போட்டார். அந்தச் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அவர் யும்னாவின் அறை வாசலில் நின்று வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வீட்டிலிருந்தே மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு அதே வேலை செய்கிறார். முதல் வரியில் இன்னும் தன் பெயரைத்தான் போடுகிறார். ஆனால் அழிப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுகிறார். அடுப்பை அணைத்துவிட்டுப் போய், "இது நீங்க போட்டதா, அவங்க போட்டதா?" என்று கேட்கிறேன். வந்த மெயிலைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அழிப்பார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் யும்னாவைக் கூப்பிடுவார். சின்ன வயதில் போனை எடுத்ததும் அவள் கேட்பாளே, அத்தா எப்ப வாரீங்க என்று, அந்தக் கேள்வியை இப்போது இவர் கேட்கிறார்.

"எப்பம்மா வார?"

"மாப்பிள்ளைக்கு லீவு கேட்டிருக்கோம் அத்தா. லிஸ்ட்டு இன்னும் வரல."

"வந்தா நல்லாப் பாரும்மா" என்பார். "மொத வரியிலருந்து பாரு."