அக்கா பார்த்த சார்மினார்

சார்மினாரைப் பார்க்காமலேயே அதை நினைத்து ஒரு வருஷம் முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. காரணம் அக்கா.

ஐதராபாத்தில் இருந்த சித்திக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. எங்கள் சொந்தத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஒத்தாசைக்கு என்று ஒரு பெண் பிள்ளையை அனுப்பி வைப்பார்கள். அந்த மே மாதம், பெரியவள் என்று அக்காவை அனுப்பினார்கள். நான் விருத்தாசலத்திலேயே கிடந்தேன். அப்பா வேலை பார்த்த பீங்கான் பட்டறையில் கழித்துப் போட்ட கப்புகள்தான் எங்கள் வீட்டில் புழங்கும். ஒன்றுக்காவது காது நேராக இருக்காது. அந்தக் கோணல் கப்பில் டீ குடித்துக்கொண்டே, அக்கா இந்நேரம் சார்மினார் உச்சியில் நிற்பாள் என்று வெந்துபோவேன்.

திரும்பி வந்தவள், கல் வைத்த வளையல்களை மொத்தமாக என்னிடமே கொடுத்தாள். "குழந்தைய கீறிடும்னு சித்தி போட வுடல. நீயே வச்சிக்க" என்றாள். இதைவிட நல்லதை ஒளித்து வைத்திருப்பாள் என்று அவள் பையைக் குடைந்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் தெருப் பிள்ளைகள் கேட்டால் மட்டும் வாய் ஓயாது. "சுத்திச் சுத்திப் படிக்கட்டு போவும். மேல நின்னா ஊரே தெரியும்" என்பாள். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அடுத்த லீவுக்குச் சித்தி போன் செய்தாள். "இந்த வாட்டி சின்னவள அனுப்புக்கா. சார்மினார பாத்தா மாதிரியும் இருக்கும்." நான் அப்போதே பையில் துணி அடுக்கிவிட்டேன். அப்பாதான் யோசித்தார். மெட்ராஸ் போய் வண்டி மாற வேண்டும். அக்காவைக் கூப்பிட்டார்.

"அவ்ளோ தூரம் போயி பாக்குற அளவுக்கு இருக்குதா அது?"

அக்கா என்னைப் பார்த்தாள். "வேணாம்ப்பா. நாலு தூணு, அவ்ளோதான். வெயிலு, கூட்டம். நம்ம பழமலைநாதர் கோயில் கோபுரத்த பாத்தா போதும்."

தான் பார்த்தால் அதிசயம், நான் பார்க்கப் போனால் நாலு தூணா? "ஒனக்கு வயித்தெரிச்சல்! நான் மேல ஏறிடுவேன்னு வயித்தெரிச்சல்!" என்று கத்தினேன். வயிற்றெரிச்சலைப் பற்றி வீட்டில் என்னைவிட விவரம் தெரிந்தவர் யார்? பார்த்தவளே சொல்லும்போது அப்புறம் என்ன என்று அப்பா சித்தியிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டார். பையிலிருந்த துணியை அம்மா எடுத்து மறுபடி பீரோவில் வைத்தாள்.

அழுது ஓய்ந்ததும், அந்த நாலு தூணையாவது பார்ப்போம் என்று, போன வருஷம் சித்தி அனுப்பிய படங்களை அம்மாவின் போனில் தேடினேன். சித்தியும் சித்தப்பாவும் அவர்களுடைய பெரிய பையனும் மேல் மாடியிலிருந்து சின்னச் சின்னதாகக் கை காட்டினார்கள். எல்லாமே கீழேயிருந்து எடுத்த படங்கள். எதிலும் அக்கா இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில், எடுத்தவள் இடுப்பிலிருந்து குழந்தையின் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

சித்தி தன் புதுப் போனையே நம்பி இவள் கையில் கொடுத்திருக்கிறாளே என்று எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.