செருப்பு வாரும் என் நெஞ்சு நோவும்

“...நன்றிப் பூசையும் குடுத்து, ஊருக்குச் சோறும் போட்டாச்சு. இனியும் நெஞ்சு நோகுது எண்டால் அந்தோனியார் என்னடி நினைப்பார்?”

போன வருடம் அரிப்பு என்ற எங்கள் ஊர்க் கடற்கரையில், காய்ந்த கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டே என் மச்சாள் கேட்ட கேள்வி இது. என் கணவரின் அக்கா. வாய் கொஞ்சம் நீளம், மனம் அதைவிடப் பெரிது.

அவரிலும் பிழையில்லை. நெஞ்சு நோவுக்கு அஞ்சியோகிராம் படம் எடுத்துப் பார்த்து, இருதயக் குழாய்களில் அடைப்பே இல்லை என்று டொக்டர்மார் சொன்ன கையோடு, அந்தோனியார் கோயிலில் நேர்ந்த பூசையை ஒப்புக்கொடுத்துவிட்டோம். நோவுதான் போகவில்லை. நன்றி சொல்லி முடித்த பிறகு எந்த முகத்தோடு நோகிறது என்பது? கூடையோடு மணல் ஏற்றத்தில் ஏறும்போது நெஞ்சை யாரோ பிடித்துப் பிசைவது போலிருக்கும். செருப்பு வார் கழன்றதுபோலக் குனிந்து நின்று, மூச்சு வந்த பிறகு நடப்பேன்.

ஒருநாள் குனிந்தவள் நிமிரவில்லை. மச்சாள்தான் ஓட்டோ பிடித்து, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டொக்டர் பழைய படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“படமும் சரி, நீங்கள் சொல்லுறதும் சரி,” என்றார்.

மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியொன்றை இருதயக் குழாய்வரை விட்டு, மருந்து கொடுத்து, இரத்த ஓட்டம் எவ்வளவு கூடுகிறது என்று அளந்தார். கூடவேண்டிய அளவு கூடவில்லை. படத்தில் தெரியாத மிக நுண்ணிய குழாய்கள், இருதயத்துக்கு வேலை கூடும்போது விரிந்து கொடுக்கவில்லையாம். நோவுக்கு ஒரு பெயர் கிடைத்ததே என்று அழுதுவிட்டேன்.

வெளியில் காத்திருந்த மச்சாளிடம் சொன்னேன். “அப்ப அந்தப் பூசையை அந்தோனியார் அட்வான்சாய் வச்சிருக்கட்டும்,” என்றார்.

டொக்டர் தந்த குளிசையால் இப்போது நோவு குறைவு. மெதுவாகக் கடற்கரைக்கும் போகிறேன். என் செருப்புத் தந்திரத்தை மச்சாள் எப்போது கண்டுபிடித்தார் என்று இன்றுவரை கேட்டதில்லை. மணலில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர், கொழும்பால் திரும்பி வந்த கிழமையே ஒரு சோடி செருப்பு வாங்கினார். ஏற்றத்தில் பாதி வழி வந்ததும், என்னைத் திரும்பிப் பாராமலே குனிந்து வாரைச் சரிசெய்யத் தொடங்குவார். எனக்கு மூச்சு வரும்வரை அந்த வார் சரிவராது.